ஒரு அடிக்குச் சம்மதம்

என் கொழுந்தனின் விரல் ஒன்றை, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கிய ஐஸ் போட்டு, பிளாஸ்டிக் பையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு விரல் சாக்கடையில் விழுந்து கிடைக்கவேயில்லை. பிள்ளைகளுக்கு வண்ண மீன் வாங்கி வருகிற பை மாதிரி வாயில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டது நான். தூக்கிப் பிடிப்பதா, தாழ்த்திப் பிடிப்பதா என்று தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். புடவை நனைந்தது. ஐஸ் கரைந்த தண்ணீரா, வேறா என்று குனிந்து பார்க்க பயம்.

அவனை அன்றைக்கு அந்த ஏணியில் ஏறச் சொன்னவள் நான். ஏன் சொன்னேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் வேங்கிக்கால் பக்கம் கேபிள் டிவி நடத்துகிறவர்கள். மொட்டைமாடியில் ஒரு டிஷ்ஷை நட்டு, தெருத்தெருவாகக் கம்பத்துக்குக் கம்பம் வயர் இழுத்து, என் வீட்டுக்காரர் ஆரம்பித்த தொழில். கம்பெனி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். கடைக்கு மேலே ஒரு அறை, போன் எடுக்க ஒரு பெண், ஆறு லைன்மேன். அவர்களுக்குத் தலைமை என் கொழுந்தன். கொரோனாவில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் ஆபீஸ் சாவி என் இடுப்புக்கு வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இங்கிலீஷில் வருகிற பில்லைப் பார்த்தால் கடைசி வரியில் இருக்கும் எண் மட்டும்தான் புரியும்.

அதைவிடப் பெரிய குறை, நான் பயந்தவள். கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள். பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். கம்பெனி நடத்தத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். எனக்கு அது இல்லை. ஆனால் பயந்தவளுக்குக் காது கூர்மை. முன்பெல்லாம் சாயங்காலம் எங்கள் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே சீரியல் பாட்டு கேட்கும். ஒரு வீட்டில் விட்டதை அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டே போகலாம். அது கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோனதை முதலில் கேட்டது நான்தான். ஒரு வீட்டில் பாட்டு வரும், அடுத்த நாலு வீடு அமைதியாக இருக்கும். உள்ளே எல்லாரும் இருப்பார்கள், ஆளுக்கொரு செல்போனோடு.

அப்புறம் செட்டாப் பாக்ஸ்கள் திரும்பி வர ஆரம்பித்தன. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் தருவதுபோல, துடைத்து, வயரைச் சுற்றி, மரியாதையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். "டிவியே போடறதில்லங்க. உங்ககிட்ட நெட்டு இருக்கா?"

எங்களிடம் நெட் இல்லை. இருந்த வயரெல்லாம் பழைய கறுப்பு வயர். நெட் வேகமாக வர ஃபைபர் போட வேண்டும். முடி போல ஒரு கண்ணாடி இழை, அதில் டிவியும் வரும், நெட்டும் வரும். இருபது வருஷம் கட்டின வயரை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு அதை இழுக்கலாம் என்று நான் சொன்னபோது லைன்மேன்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனாலும் இழுத்தார்கள். எங்கள் ஏரியா முழுக்க இழுத்து முடித்தும் போட்ட முதலுக்கு வீடுகள் போதவில்லை. கேட்கிற வீடுகளெல்லாம் எல்லைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன.

எல்லைக் கம்பம் என்பது ஒரு சாதாரணக் கரண்ட் கம்பம். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் லைன், அந்தப் பக்கம் இன்னொருவர் லைன். ஒரு காலத்தில் அந்த எல்லை அங்கே இல்லை. ராத்திரி ஒருத்தர் இழுத்த வயரைக் காலையில் மற்றவர் அறுப்பார். அறுத்தவனை இவர்கள் அடிப்பார்கள். ஒரு சண்டையில் என் வீட்டுக்காரர் மண்டை பிளந்து வந்தார், அந்தப் பக்கத்தில் ஒருவருக்குக் கால் போனது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசி, ரெண்டு கட்சியையும் ராஜகோபுரத்துக்கு எதிரே கூட்டிப்போய், தரையில் கற்பூரம் ஏற்றி, இனி அந்தக் கம்பத்தைத் தாண்டி கேபிள் இழுக்க மாட்டோம் என்று உள்ளங்கையால் அடித்து அணைக்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அணைத்தார். கொழுந்தனும் அணைத்தான். அந்தப் பக்கத்துக் கம்பெனி முதலாளியும் அவருடைய அக்கா மகனும் அணைத்தார்கள். அன்றிலிருந்து யாரும் தாண்டியதில்லை.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பு. கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அந்த முதலாளி ஃபைபர் போடவில்லை. "டிவி காட்டறதுதான் நம்ம வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் எனக்குப் போன் செய்தார்கள்.

கொழுந்தனிடம் பேச்செடுத்தேன்.

"அண்ணி, அந்தப் போஸ்ட்ட தாண்டக் கூடாது. நானும்தான் கைய வச்சு அணைச்சேன்."

"நீ அணைச்சது கேபிளுக்கு தம்பி. இது கேபிள் இல்ல, கண்ணாடி."

"சாமி என்னா மளிகைக் கடை வச்சிருக்காரா, இது வேற ஐட்டம் அது வேற ஐட்டம்னு பில்லு போட?"

சுற்றி நின்ற லைன்மேன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "அப்ப கம்பெனிய மூடிடலாமா? நீயே சொல்லு" என்றேன்.

அவன் ஏணியின் கயிற்றைச் சுற்றி முடித்தான். பிறகு, "நீங்க சொல்றீங்க, நான் ஏர்றேன். பாவம் உங்க கணக்குல" என்றான்.

"என் கணக்குலயே இருக்கட்டும்."

பௌர்ணமிக்கு முந்தின நாள் அது. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டில் தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வெயில். எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளாமல் நானும் போயிருந்தேன். அவன் எல்லைக் கம்பத்தைத் தாண்டி அடுத்த கம்பத்தில் ஏணி சாய்த்து ஆளுயரத்துக்கு ஏறியிருந்தான். வலது கையில் ஃபைபரைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான். நான் எதிர்ப் பக்கம் பால் பூத் நிழலில் நின்றேன்.

அந்த முதலாளியின் அக்கா மகன் பைக்கில் வந்தான். அவனும் லைன்மேன்தான், கொழுந்தனைவிட இளையவன். வயரில் உரசும் மரக்கிளையை வெட்ட எல்லா லைன்மேனும் வண்டியில் ஒரு கத்தி செருகி வைத்திருப்பார்கள். அது அவன் வண்டியிலும் இருந்தது.

"எவன்டா எங்க ஏரியாவுல ஏர்றது? எறங்கு."

"போடா. உன் மாமாவ வந்து பேசச் சொல்லு."

"கற்பூரம் அணைச்ச கைதானே அது? வெக்கமா இல்ல?"

கொழுந்தன் சிரித்தான். "அந்தக் கை இப்ப வேலையா இருக்குது. அப்புறம் வா."

நான் ரோட்டைத் தாண்ட ஒரு லாரி போகட்டும் என்று நின்றேன். லாரி போனது. அதற்குள் முடிந்துவிட்டது. தென்னை மட்டையை வெட்டினால் வருமே, அந்தச் சத்தம்தான் கேட்டது. அறுந்த ஃபைபர் காற்றில் ஆடியது. கொழுந்தன் கத்தவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஏணியில் ஒவ்வொரு படியாக, இடது கையால் பிடித்து, பார்த்துப் பார்த்து இறங்கினான். இறங்கி முடித்த பிறகுதான் ரத்தம் பீய்ச்சியடித்தது. வெட்டியவன் ஓடாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். "வயரத்தான் வெட்டினேன். வயரத்தான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்த பிறகுதான் பைக்கை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டார். கொழுந்தன் மயக்கத்திலும் தெளிவாகச் சொன்னான்: "யாருன்னு தெரில சார். ஹெல்மெட் போட்டிருந்தான். அண்ணியும் பாக்கல."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வயர் சண்டையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஆனால் அவன் அதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆளை ஜெயிலுக்கு விட்டுக்கொடுக்க அவனுக்கு இஷ்டமில்லை. தனக்கு வேண்டுமென்று வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி, என் ஓரகத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"நெட்டு வந்துச்சா அக்கா?"

நான் பையை முந்தானையால் மூடினேன்.

"வந்துச்சான்னு கேக்கிறேன். உங்க கம்பெனிக்கு என் வூட்டுக்காரர் கைதான் கெடச்சுதா? வந்துச்சான்னு சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்லிடறேன்."

வேலூருக்குக் கொண்டுபோனோம். பையிலிருந்த விரலை வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். கறுத்துப்போய் அதையும் எடுத்துவிட்டார்கள். வலது கையில் சுட்டு விரலும் நடு விரலும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் போய் அந்தப் பக்கத்துக் கேபிள் பெட்டிகளை எல்லாம் கம்பத்திலிருந்து பிடுங்கிப் போட்டு கல்லால் நசுக்கினார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் வயதான லைன்மேன் ஒருவரை மடக்கி, அவருடைய ஏணியாலேயே விலாவில் அடித்தார்கள். மூச்சு விட்டாலே முகம் கோணுகிறது அவருக்கு. எங்கள் ஆட்கள் ஒருவனுடைய பைக்கைக் கொளுத்தினார்கள். ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கல் வந்தது. போன் எடுக்கும் பெண்ணின் புருவம் கிழிந்தது. இன்னொரு கும்பல் தெருவில் வேலையிலிருந்தவர்களை விரட்டிவிட்டு, ஃபைபர் ஒட்டும் மெஷினைத் தரையில் போட்டு மிதித்தது. கம்பெனியில் இருந்ததிலேயே விலை கூடின சாமான் அது. அதை ஒரு லைன்மேன் துண்டில் சுற்றி, செத்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல மாடி ஏறி வந்தார்.

ஜனங்களுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "நீங்க அடிச்சுக்கங்க, குத்திக்கங்க. எனக்குக் காலைல மீட்டிங் இருக்குது, நெட்டு வருமா வராதா?" என்று ஒருவர் கேட்டார். அவர் தப்பாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் ஒன்றுதான் செய்தேன். எங்கள் லைன்மேன் எல்லாரிடமும் இருந்த கிளை வெட்டும் கத்திகளை வாங்கி, ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"கிளைய இனிமே பல்லால கடிக்கிறதா அண்ணி?"

"கடி. பல்லு போனா கட்டித் தரேன்."

சாவியைத் தூங்கும்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்போதும் எழுந்து எழுந்து தொட்டுப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை எல்லைக் கம்பத்தில் ஒரு புது ஆள் ஏறினான். தலையில் ஹெல்மெட், மேலே பளபளக்கும் சட்டை. பெரிய கம்பெனி ஒன்றின் ஒப்பந்த ஆள், வடக்கத்திக்காரன். ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எங்கள் வயருக்கு மேலே, அவர்கள் வயருக்கும் மேலே, தன்னுடைய ஃபைபரைக் கட்டினான். கட்டி, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவன் எந்தக் கற்பூரமும் அணைத்தவனில்லை. அவனுக்கு அது எல்லை என்றே தெரியாது.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் அந்த முதலாளி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். அறுபது வயதுக்காரர். எங்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம். அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னாம்மா, வேடிக்கை பாக்கிறியா?"

"நீங்க என்னா பண்றீங்கண்ணே?"

"இவன் கைய எடுக்க ஆள் அனுப்பலாமான்னு யோசிக்கிறேன்." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "பாவம். எங்கேர்ந்தோ வந்திருக்கான். இவன் போனா நாளைக்கு இன்னொருத்தன் ஏறுவான். எத்தனை கைய எடுக்கிறது?"

பக்கத்து டீக்கடையில் நின்றோம். நான் டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன். "உங்ககிட்ட வூடுங்க இருக்குது. எங்கிட்ட ஃபைபர் இருக்குது. ரெண்டும் சேந்தா அவனுக்கு முன்னாடி நாம வூட்டுக்குள்ள போயிடலாம். தனித்தனியா இருந்தா ரெண்டு பேரும் காலி."

"உன் வூட்டுக்காரர் மண்டையப் பொளந்தது எங்க ஆளுங்கம்மா."

"தெரியும். ரத்தத்தத் தொடச்சதே நான்தான்."

அவர் டீயை முழுசாகக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சேரலாம். ஆனா என் அக்கா மகன வெளிய அனுப்பமாட்டேன். அவன் இல்லாம என் லைன் எனக்கே தெரியாது. உன் கொழுந்தன் ஒத்துப்பானா?"

அதுதான் கேள்வி. கம்பெனி பிழைக்க வேண்டுமென்றால் சேர வேண்டும். சேர்ந்தால் விரல் போனவனும் வெட்டியவனும் ஒரே வண்டியில் வேலைக்குப் போக வேண்டும். கொழுந்தன் அவனை ஏதாவது செய்துவிட்டால் கம்பெனி போகட்டும், கொழுந்தனே போய்விடுவான். அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது.

அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைப் பித்தானை இடது கையால் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். நான் சொன்னதை முழுசும் கேட்டான்.

"சேருங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா ஒரு அடி."

"அடின்னா?"

"அடிதான். வெறுங்கையால, ஒரே ஒரு அடி. அவன் நிக்கணும், தடுக்கக் கூடாது. அதுக்கப்புறம் என் வாயில அந்தப் பேச்சு வராது. ஒரே வண்டில போறேன்."

"இல்லன்னா?"

அவன் பித்தானைத் திரும்ப எடுத்துக்கொண்டான். உள்ளே இருந்து ஓரகத்தி குரல் கொடுத்தாள். "இல்லன்னா அவரு தலகாணிக்கு அடில என்னா வச்சிக்கினு தூங்கறாருன்னு வந்து பாருங்க அக்கா."

போய்த் தலையணையைத் தூக்கினேன். புது அருவாள். விலைச் சீட்டுகூட இன்னும் உரிக்கவில்லை. பீரோவில் எத்தனை கத்தியைப் பூட்டி என்ன?

"அண்ணி, பாவம் உன் கணக்குலன்னு சொன்னேன்ல? இதையும் அதுலயே எழுதிக்கோ." என்னை அதுவரை நீ என்று சொன்னதில்லை அவன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. கோடிக்கணக்கில் போடுகிற பெரிய கம்பெனி ஒரு பக்கம் தெருத்தெருவாக வந்துகொண்டிருக்கிறது, நான் ஒரு அடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் கோபப்பட்டார். "நான் என்னா ஆடா வளக்கிறேன், புடிச்சுக் குடுக்க?" கதவுக்கு வெளியே அக்கா மகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். உள்ளே வந்தான்.

"நிக்கிறேன் மாமா."

"சும்மா இருடா."

"இல்ல மாமா, நிக்கிறேன். அன்னிலேர்ந்து பின்னாடி பைக் சத்தம் கேட்டாலே உயிர் போவுது. ஒரேடியா வாங்கிடறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ண மூடிக்கலாமா?" என்று கேட்டான். மூடிக்கொள் என்றேன்.

எங்கள் ஆபீஸில் வைத்துக்கொள்வது, காலை பத்து மணி, ரெண்டு பக்கத்து லைன்மேன்களும் சாட்சி. முடிந்ததும் அங்கேயே பத்திரத்தில் கையெழுத்து.

அதற்கு முந்தின நாட்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரே அடியில் செத்துப்போனவர்கள் உண்டு என்று எங்கேயோ கேட்டிருந்தேன். பொட்டில் பட்டால்? விழும்போது மேஜை முனை குத்தினால்? கண்ணில் பட்டால்? மேஜையையும் நாற்காலிகளையும் பக்கத்து அறைக்குத் தள்ளினேன். தரையில் பாய், பாய்க்கு மேல் பழைய மெத்தை. சுவரில் இருந்த ஆணியைக்கூடப் பிடுங்கினேன். கொழுந்தன் வந்ததும் மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன், மணிக்கட்டில் இருந்த காப்பையும் கழற்ற வைத்தேன். பாக்கெட், இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்தேன். மற்ற எல்லாரையும் பார்த்தேன். ஒருவர் பாக்கெட்டில் வயர் கட்டர் இருந்தது. "இது இல்லாம நான் பொறக்கவே இல்லம்மா" என்றார். வாங்கி வைத்தேன். கீழே ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன்.

"எங்கக்கா போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"தெரியல. நில்லு."

அக்கா மகன் மெத்தையின் நடுவே வந்து நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். சுவரோரம் இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் அவர்கள். முதலாளி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொழுந்தன் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். வலது கையை மடக்கினான்.

அப்போதுதான் அது எல்லாருக்கும் தெரிந்தது. கட்டை விரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கின. நடுவில் ஒன்றுமில்லை. அவனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் கோபத்தில் யோசித்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் தன் கையையே பார்த்தான். இடது கையால் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அந்தக் கையையே ஓங்கி முழு பலத்தோடு வீசினான்.

விரல் இருந்த இடத்து எலும்பு போய் அக்கா மகனின் பல்லில் இடித்தது. உதடு கிழிந்து, பல் ஒன்று மெத்தையில் விழுந்தது. அவன் ஒரு முட்டி போட்டு விழுந்தான். கத்தியது அவனில்லை, என் கொழுந்தன். கம்பத்தில் வெட்டுப்பட்டபோது வாயைத் திறக்காதவன், கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டான். ஆறி வந்த தோல் பிளந்து வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பாதி முழுக்க ரத்தம். அக்கா மகன் எழுந்து, மறுபடி அதே இடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றான். இன்னும் இருக்கிறதென்று நினைத்துவிட்டான்.

எங்கள் ஆள் ஒருவன் சொன்னான்: "அண்ணே, இது சரியா விழல. இன்னொண்ணு போடு."

"ஒண்ணுன்னுதான்டா பேச்சு" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான்.

"விழாத அடிய எப்படிடா கணக்குல வைப்ப?"

"பல்லு அங்க கெடக்குது பாரு, கண்ணு தெரியலயா உனக்கு?"

ரெண்டு சுவரும் நடுவுக்கு வந்தன. ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் மெத்தையில் ஏறி நின்றேன். என் உயரத்துக்கு யார் முகமும் தெரியவில்லை, சட்டைகள்தான் தெரிந்தன. "ஒண்ணு முடிஞ்சிது" என்றேன். யார் காதிலும் விழவில்லை. திரும்பவும் சொன்னேன். பிறகு கொழுந்தனைப் பார்த்தேன். எல்லாருமே அவனைத்தான் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறையிலிருந்து நாலு பேராவது நடந்து வெளியே போயிருக்க மாட்டார்கள்.

அவன் குனிந்தபடியே இருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வுடுங்கடா. அடிச்சாச்சு."

"அண்ணே…"

"அடிச்சாச்சுன்னு சொல்றேன்ல."

சட்டையைப் பிடித்திருந்தவன் விட்டான். நாற்காலிச் சத்தம் நின்றது. முதலாளி ஜன்னலிலிருந்து திரும்பாமலே மூக்கை உறிஞ்சினார்.

ஒரே ஆட்டோதான். ரெண்டு பேரையும் அதில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நான் நடுவில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் கொழுந்தனின் கை, அந்தப் பக்கம் அக்கா மகனின் வாய், ரெண்டும் என் மடியில் சொட்டின. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது இவன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டே பேசினான்.

"அண்ணே, அன்னிக்கு நான் வயரத்தான்…"

"பேசாதடா. வாயத் தொறந்தா ஜாஸ்தியா ஊத்துது."

கொஞ்ச தூரம் போனது.

"நெஜமாவே வயரத்தாண்ணே."

"தெரியும். மூடு."

கொழுந்தனுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஏணி சறுக்கிடுச்சு" என்றான் கொழுந்தன்.

"ரெண்டு பேருக்குமா?"

"இவன் மேல இருந்தான், நான் கீழ."

டாக்டரம்மா இவனைப் பார்த்தார். இவன் பஞ்சு வைத்த வாயோடு ஆமாம் என்று தலையாட்டினான். அவர் நம்பவில்லை. ஆனாலும் தைத்தார்.

பத்திரத்தில் கையெழுத்து அன்றைக்குப் போடவில்லை, மறுநாள்தான் போட்டோம். ரெண்டு கம்பெனியும் ஒன்றானது. பெரிய கம்பெனி வருவதற்கு முன்னால் கம்பத்துக்கு அந்தப் பக்கத்துப் பாதி வீடுகளுக்குள்ளாவது போய்விட்டோம். மீதிப் பாதி அவர்களுக்குப் போனது. போகட்டும். இன்னும் ரெண்டு வருஷத்தில் வேறு ஏதாவது வானத்திலிருந்தே வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அதைப் பற்றியும் தினம் கவலைப்படுகிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது கொழுந்தன் கேட்டதுதான் இப்போதும் காதில் நிற்கிறது.

"கையெழுத்து ஆனதும் முதல்ல எந்தத் தெருங்க அண்ணி?"

சொன்னேன்.

"அப்ப இவன் ஏறட்டும். எனக்கு இந்தக் கையால கம்பத்த புடிக்க வராது."

"நீ?"

"நான் ஏணியப் புடிச்சுக்கிறேன்."

அக்கா மகன் பஞ்சைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கொழுந்தனைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தான். வேறு ஆள் போட்டுத்தரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி என்றேன்.

இன்றைக்கும் அவர்கள் ரெண்டு பேரும்தான் ஒன்றாகப் போகிறார்கள். அவர்கள் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நானும் பின்னாலேயே போகிறேன். அக்கா மகன் மேலே ஏறி இழையைக் கட்டி முடிக்கும்வரை, கீழே ஏணியின் காலைப் பிடித்திருக்கும் அந்த மூன்று விரலை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை.